கேட்கப் பழகும் இடம்: பணிநாய்ச் சங்கங்களும் புதியவர்களும்

1910-இல் பிராங்ஃபர்ட்டில் கூடிய ஜெர்மன் சமூகவியலாளர்களின் முதல் மாநாட்டில் மாக்ஸ் வெபர் ஒரு வேண்டுகோள் விடுத்தார். பந்துருட்டும் குழு தொடங்கி அரசியல் கட்சி வரை, அரசுக்கும் குடும்பத்துக்கும் இடையே விளங்கும் தன்னார்வச் சங்கங்களைச் சமூகவியல் ஆராய வேண்டும் என்றார். ஒரு சங்கத்தில் உறுப்பினராக இருப்பது மனிதரின் உள்ளியல்பை எவ்வாறு மாற்றுகிறது என்பது அவர் எழுப்பிய கேள்விகளுள் ஒன்று. அக்கேள்விக்கு மிகப் பொருத்தமான, ஆனால் நம் உரையாடல்களில் அரிதாகவே இடம்பெறும் களம் ஒன்று உண்டு. அது பணிநாய்களைப் பழக்கும் விளையாட்டுச் சங்கம்.

இவ்விளையாட்டின் வரலாறு ஜெர்மன் ஷெப்பர்டு இனத்தின் வரலாற்றோடு பிணைந்தது. 1899-இல் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்னும் குதிரைப்படை அதிகாரி அவ்வினத்துக்கான சங்கத்தை நிறுவினார். தொழில்மயமாகிவந்த நாட்டில் ஆட்டுமந்தைகள் அருகிக்கொண்டிருந்தன. மந்தை இல்லாத ஊரில் மேய்ப்பு நாய் வெறும் அழகுப் பொருளாகிவிடக் கூடாது என்ற அக்கறையிலிருந்து, வேலைத்திறனைச் சோதிக்கும் தேர்வு ஒன்று உருவானது. காவல் நாய் என்று பொருள்படும் 'ஷுட்ஸ்ஹுண்ட்' என்ற பெயரில் நெடுங்காலம் அறியப்பட்ட அத்தேர்வு, 2019 முதல் பன்னாட்டு விதிகளின்கீழ் ஐ.ஜி.பி. என்று வழங்குகிறது. தடம் பின்தொடர்தல், கீழ்ப்படிதல், காவல் என மூன்று பகுதிகள். பகுதிக்கு 100 வீதம் மொத்தம் 300 மதிப்பெண்கள்.

ஜெர்மனியில் இக்கலை பெரும்பாலும் ஊர்ச் சங்கங்களில்தான் கைமாறுகிறது. ஏழு பேர் சேர்ந்தால் அங்கே ஒரு சங்கத்தைச் சட்டப்படி பதிவு செய்துவிடலாம். ஊருக்கு வெளியே ஒரு புல்வெளி, ஓரத்தில் சிறிய சங்க இல்லம், அதில் காப்பியும் கேக்கும், வார இறுதியில் பயிற்சி. பாடத்திட்டம் என்று எழுதிவைத்த எதுவும் பெரும்பாலும் இருப்பதில்லை. தேர்வு விதிகள் மட்டும் அச்சில் இருக்கும். அந்த விதிகளை நிறைவேற்றும் வழி மூத்தோரின் கைகளிலும் கண்களிலும் இருக்கும். அங்கே முதன்முறையாக நுழைபவரின் நிலையைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

தொலைபேசியில் பேசும்போதே ஒருவேளை அவரிடம், முதல் நாள் நாய் இல்லாமல் வாருங்கள் என்று சொல்லிவிடுவார்கள். நாயோடு வந்தாலும் அது வண்டியிலுள்ள கூண்டிலேயே இருக்க வேண்டும். ஆவலோடு வந்தவருக்கு இது முதல் ஏமாற்றம். திடலில் ஒரு நேரத்தில் ஒரு நாய், ஒருவேளை இரண்டு. பத்து நிமிடப் பயிற்சிக்காக மூன்று மணிநேரக் காத்திருப்பு. யாரும் வரவேற்புரை நிகழ்த்துவதில்லை. கைகுலுக்குகிறார்கள், பெயரைக் கேட்கிறார்கள், மீண்டும் திடலை நோக்கித் திரும்பிக்கொள்கிறார்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில், தாம் அவமதிக்கப்பட்டோமா அல்லது ஏற்றுக்கொள்ளப்பட்டோமா என்று புதியவருக்கு விளங்குவதில்லை.

இம்மௌனத்துக்கு நியாயமான காரணங்கள் உண்டு. உச்ச ஊக்கத்தில் இருக்கும் நாயின் அருகே அறியாதவர் ஒருவர் குறுக்கே நடந்தால் விபத்து நேரலாம். நாய்க்குப் பாராட்டோ திருத்தமோ அச்செயல் நிகழும் கணத்திலேயே சேர வேண்டும். நடத்துபவரின் கவனம் சிதறினால் நாய் தவறானதைக் கற்றுக்கொள்ளும். மேலும், ஆர்வத்தோடு வருபவர்களில் பலர் சில வாரங்களில் நின்றுவிடுகிறார்கள் என்பது மூத்தோரின் அனுபவம். எனவே அவர்கள் தங்கள் உழைப்பை உடனே முதலீடு செய்வதில்லை. புதியவர் மழையிலும் வருகிறாரா என்று பார்க்கிறார்கள்.

அந்நாள்களில் புதியவர் முதலில் கற்பது நாயைப் பற்றியதன்று, மொழியைப் பற்றியது. உலகின் பல நாடுகளில் இவ்விளையாட்டின் கட்டளைகள் ஜெர்மன் மொழியிலேயே ஒலிக்கின்றன. அமெரிக்கப் புல்வெளியிலும் நாய் 'ஸிட்ஸ்' என்றால் உட்காருகிறது, 'ப்ளாட்ஸ்' என்றால் படுக்கிறது, 'ஃபூஸ்' என்றால் இடப்பக்கம் ஒட்டி நடக்கிறது. மொழியியல் பயில்வோர் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று இதில் உள்ளது. 'ப்ரிங்', 'ஸுக்' போன்றவை ஏவல் வினைகள்தாம். ஆனால் 'ஸிட்ஸ்' என்பது இருக்கை, 'ப்ளாட்ஸ்' என்பது இடம், 'ஃபூஸ்' என்பது பாதம், மூன்றும் பெயர்ச்சொற்கள். 'ஹியர்' என்பதும் 'ஆவுஸ்' என்பதும் இங்கே, வெளியே என்னும் பொருளுடைய அடைச்சொற்கள். ஏவல் விகுதி தேவைப்படாத ஏவல்கள் இவை. ஒரு சொல்லை ஏவலாக்குவது அதன் வடிவமன்று, திடலில் அதற்குரிய இடமே.

தமிழ் வீடுகளிலும் இதற்கு ஓர் இணை உண்டு. வீட்டார் அனைவரும் தமிழிலேயே பேசிக்கொள்ளும் பல வீடுகளில் நாயிடம் மட்டும் 'சிட்', 'கம்' என்று ஆங்கிலம் ஒலிக்கிறது. நாய்க்கு எம்மொழியும் ஒன்றே. அம்மொழி யாரை யாரோடு சேர்க்கிறது, யாரை எப்படிக் காட்டுகிறது என்பது மனிதர்களின் கவலை. சங்கத்தில் 'ஆவுஸ்' என்று சரியான தொனியில் சொல்லக் கற்றவர் பாதி உள்ளே வந்துவிட்டார்.

சொற்களில் மிக விந்தையானது 'ஹெல்ஃபர்'. உதவியாளர் என்று பொருள். காவல் பகுதியில் திணிப்புக் கைக்கவசம் அணிந்து, மறைவிடத்தில் நின்று, தப்பியோடி, தாக்க வருவதுபோல் நடிப்பவர் அவர்தாம். நாயின் எதிரியாகத் தோன்றுபவரின் பெயர் உதவியாளர்! புதியவர் பல வாரங்கள் கழித்தே இப்பெயரின் நியாயத்தை உணர்கிறார். எப்போது அழுத்தம் தருவது, எப்போது தளர்ந்து கைக்கவசத்தை நாய்க்கு விட்டுக்கொடுப்பது என்பதைக் கணக்கிட்டு, இளம் நாயின் தன்னம்பிக்கையைக் கட்டுபவர் அவரே. தேர்வில் சோதிக்கப்படுவது கடிக்கும் துணிவு மட்டுமன்று. 'ஆவுஸ்' என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பிடியை விட்டுவிடும் தெளிவும்தான். பிடிப்பதைவிட விடுவதே கடினமான பாடம்.

காத்திருப்பவருக்கு மெல்ல வேலைகள் வருகின்றன. மறைவிடங்களை நட்டுவைத்தல், தாண்டும் தடையைத் தூக்கிவருதல், புல்லில் தடம் மிதித்தல். கீழ்ப்படிதல் தேர்வில் நாயும் நடத்துபவரும் ஒரு மனிதக் கூட்டத்தினூடே நடந்துசெல்ல வேண்டும். அக்கூட்டத்தில் ஒருவராக நிற்பதும் புதியவரின் பணி. வெளியிலிருந்து பார்த்தால் இது எடுபிடி வேலை. ஆனால் ஜீன் லேவும் எட்டியென் வெங்கரும் 1991-இல் வெளியிட்ட நூலில் இதற்கு வேறு பெயர் தந்தார்கள். விளிம்பில் நின்று, ஆனால் உரிமையோடு, பங்கேற்றல் என்பது அவர்களின் கருத்தாக்கம். லைபீரியாவின் தையற்கலைஞர்களும் யுக்கட்டான் மருத்துவச்சிகளும் இவ்வாறே கற்றார்கள். தடம் மிதிப்பவர், காற்று எங்கே திரும்புகிறது, ஈரமண்ணில் அடிச்சுவடு எப்படிப் பதிகிறது என்று தம் காலாலேயே அறிகிறார். மூன்றாம் நிலைத் தேர்வில் நாய் பின்தொடர வேண்டியது அயலார் ஒருவர் ஒரு மணிநேரத்துக்கு முன் மிதித்த 600 காலடித் தடம். அந்த அயலாராக இருந்து பார்த்தவருக்கு நாயின் மூக்கின்மீது வரும் மதிப்பு, எந்த விரிவுரையாலும் வராது.

அடுத்த அதிர்ச்சி, மதிப்பீடு. தேர்வு நாளில் நடுவர் ஒவ்வொரு பகுதியின் குறைநிறைகளையும் அனைவரும் கேட்க அறிவிக்கிறார். கட்டளையை இருமுறை சொன்னால் மதிப்பெண் குறையும். தோளைச் சற்றுச் சாய்த்து நாய்க்குக் குறிப்புக் காட்டினாலும் குறையும். பயிற்சி நாள்களிலும் இதே வறண்ட மொழிதான். திட்டாமல் விட்டாலே போதிய பாராட்டு என்று தென்மேற்கு ஜெர்மனியின் சுவாபியர்களிடையே ஒரு பழமொழி உண்டு. அப்பண்பாட்டை அறியாதவர் உடைந்துபோகிறார். 'உங்கள் கை தாமதமாக வருகிறது' என்பது தம்மைப் பற்றிய தீர்ப்பன்று, கையைப் பற்றிய செய்தி என்று பிரித்தறியச் சில மாதங்களாகும். அது புரிந்த பிறகு பலருக்கு அவ்வறட்சியே ஆறுதலாகிறது. முகத்துக்காகப் புகழாத இடத்தில் கிடைக்கும் ஒரு தலையசைப்பு நம்பத்தக்கது.

இதுவரை சொன்னது சங்கப் பண்பாட்டின் நல்ல பக்கம். லேவும் வெங்கரும் தங்கள் நூலில் கசப்பான எடுத்துக்காட்டு ஒன்றையும் தருகிறார்கள். அமெரிக்க இறைச்சி வெட்டுநர்களிடம் தொழில் பழகச் சென்றவர்கள், தேர்ந்தவர்கள் வேலை செய்யும் மேசையைப் பார்க்கக்கூட முடியாத இடத்தில், பொட்டலம் கட்டும் பணியில் வைக்கப்பட்டார்கள். விளிம்பில் நிற்பது கல்வியாவதும் சுரண்டலாவதும் அங்கிருந்து மையம் தெரிகிறதா என்பதைப் பொறுத்தது. நாய்ச் சங்கத்திலும் அப்படியே. தடை தூக்குபவருக்கு, ஏன் இந்த நாய்க்கு இன்று தடை தாழ்த்தப்பட்டது என்று ஒருவர் சொன்னால் அவர் மாணவர். சொல்லாவிட்டால் அவர் கூலியில்லாத ஆள்.

இங்கே அவசரம் ஒன்று உண்டு. மனிதர் இரண்டாண்டுகள் பொறுக்கலாம், நாயால் இயலாது. முதல்நிலைத் தேர்வுக்கு நாய்க்கு 18 மாதம் நிறைந்திருந்தால் போதும். உலகை அது கூர்மையாக உள்வாங்கும் பருவமோ அதற்கும் வெகுமுன்பே கடந்துவிடுகிறது. புதியவரின் பொறுமையைச் சோதிக்கும் மாதங்களில் கழிவது நாயின் இளமை. 'இந்த நாய் இதற்குச் சரிப்படாது, வேறொன்று வாங்குங்கள்' என்ற அறிவுரையைப் புதியவர்கள் கேட்க நேர்வதும் உண்டு. சில வேளை அது நேர்மையான மதிப்பீடு. அஞ்சும் நாயைக் காவல் பயிற்சிக்குத் தள்ளுவது கொடுமையே. ஆயினும், வீட்டில் கட்டிலடியில் உறங்கும் உயிரைப் பற்றி அச்சொற்கள் பேசப்படுகின்றன என்பதைச் சொல்பவர் மறக்கலாகாது.

இதைவிடக் கனமானது பயிற்சி முறை பற்றிய வினா. மின்னதிர்ச்சிக் கழுத்துப்பட்டையைப் பயிற்சியில் பயன்படுத்துவது சட்டவிரோதம் என்று ஜெர்மனியின் உச்ச நிர்வாக நீதிமன்றம் 2006-இல் உறுதிசெய்தது. முள்பட்டை முதலிய வலி தரும் கருவிகளைப் பயிற்சியில் பயன்படுத்துவதை 2022-இல் நடைமுறைக்கு வந்த விதி தடுத்தது. நேற்றுவரை திறமை எனப்பட்ட ஒன்று இன்று குற்றம். மூத்தவர் ஒருவர் பழைய வழியில் வாரை வெட்டியிழுக்கச் சொல்லும்போது, மூன்று மாதமாக வாய்திறவாதிருக்கப் பழகிய புதியவர் என்ன செய்வார்? பாதுகாப்புக்காகப் பிறந்த மௌனம், அக்கணத்தில் தவறுக்குக் கவசமாகிவிடுகிறது. வாரின் ஒரு முனையில் அவருடைய கை. மறுமுனையில் முறையிட முடியாத ஓர் உயிர். சங்கத்தில் தமக்குக் கிடைத்த இடத்தை இழக்க நேர்ந்தாலும் 'என் நாய்க்கு இது வேண்டாம்' என்று சொல்ல அவருக்குத் துணிவு வருமா என்பதில்தான், வெபர் கேட்ட கேள்வியின் முழு எடையும் தங்கியிருக்கிறது.

கவிஞரும் மெய்யியலாளரும் நாய்ப் பயிற்சியாளருமான விக்கி ஹெர்ன் 1986-இல் எழுதிய நூலில், பயிற்சியை இருவழிப்பட்ட உரையாடலாகக் காட்டினார். கட்டளையிடும் உரிமை, அந்த நாய் சொல்வதைக் கேட்கும் கடமையோடு சேர்ந்தே வருகிறது. ஜெர்மன் விதிநூலில் கட்டளைக்குரிய சொல் 'ஹோர்ட்ஸைஷன்'. செவிக்குரிய குறி என்பது அதன் நேர்ப்பொருள். கீழ்ப்படிதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேரிலும் கேட்டலே உறைகிறது. தமிழோ இன்னும் ஒருபடி முன்னே செல்கிறது. 'சொன்னதைக் கேள்' என்றால் பணிந்து நட என்று பொருள். 'அவரிடம் கேள்' என்றால் வினவு என்று பொருள். செவிகொடுத்தல், பணிதல், வினவுதல் ஆகிய மூன்றையும் ஒரே வினையடி தாங்கி நிற்கிறது.

ஒரு சங்கத்தின் தரத்தை அளக்க இவ்வொரு சொல்லே போதும். புதியவர் செவிகொடுக்க வேண்டும், அவசரம் கூடாது. திடலின் ஒழுங்குக்குப் பணிய வேண்டும். ஆனால் பயிற்சி முடிந்து, நாய்கள் கூண்டுக்குத் திரும்பி, காப்பி ஊற்றப்படும் நேரத்தில் 'ஏன்' என்று வினவ அவருக்கு இடம் இருக்க வேண்டும். அவ்வினாவுக்கு ஒருவர் தம் கோப்பையை வைத்துவிட்டு விடை சொல்லவும் வேண்டும். முதலிரண்டை மட்டும் கோரும் சங்கங்கள் தேர்வுகளில் வெல்லக்கூடும். ஆயினும் அவற்றின் அறிவு, மூத்த ஹெல்ஃபரின் முழங்கால் தேய்வதோடு முடிந்துபோகும்.

ஒவ்வோர் ஆண்டும் நம் பல்கலைக்கழகத் துறைகளுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் புதிய ஆய்வாளர்கள் வருகிறார்கள். கருத்தரங்கின் கடைசி வரிசையில் அமர்கிறார்கள், நாற்காலி அடுக்குகிறார்கள், ஒளிநகல் எடுக்கிறார்கள், யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்று கவனிக்கிறார்கள். அவர்கள் அமர்ந்திருக்கும் இடத்திலிருந்து மேசை தெரிகிறதா என்பதை, மேசையருகே இருப்பவர்கள் ஒருமுறை எழுந்துசென்று அங்கே அமர்ந்து பார்த்தால் நன்று.