நான் தாண்டிப் போன பாடம்



நேற்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தி மகன் எழுதியிருந்தான்: "பள்ளிக்கூடத்துல பாலியல் கல்வி எதுக்கு? பிள்ளைங்க கெட்டுத்தான் போகும்." பதில் எழுத உட்கார்ந்தேன். என் தவறிலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது.

நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தேன். வளரிளம் பருவம் பற்றிய பாடம் வந்தால், "வீட்டுல படிச்சுக்கோங்க" என்று தாண்டிவிடுவேன். பையன்களும் பெண்களும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் வகுப்பு. எனக்குக் கூச்சம்.

ஒரு நாள் ஒரு மாணவியின் பாவாடையில் கறை. பையன்கள் சிரித்துவிட்டார்கள். அவள் ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை. சிரித்தவர்களைத் திட்டித் தீர்த்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது: நான் சொல்லித் தராததற்கு அவர்களைத் திட்டியிருக்கிறேன்.

அடுத்த ஆண்டு அந்தப் பாடத்தை எல்லோருக்கும் சேர்த்தே நடத்தினேன். காலி சாக்பீஸ் டப்பா ஒன்றை மேசையில் வைத்து, பெயர் போடாமல் சந்தேகங்களை எழுதிப் போடச் சொன்னேன். நான் பயந்த மாதிரி எதுவும் வரவில்லை. "குரல் உடைஞ்சா சரியாகுமா?" "எனக்கு மட்டும் மீசை வரல, நோயா டீச்சர்?" "அந்த நாள்ல தொட்டா ஊறுகாய் கெட்டுடுமா?"

ஒரு சீட்டில் மட்டும் இப்படி இருந்தது: "வீட்டுக்கு வர்ற சொந்தக்காரர் தொடுறது பிடிக்கல. யார்கிட்ட சொல்றது?"

கை நடுங்கியது. மறுநாள் யாரையும் குறிப்பிடாமல் சொன்னேன்: "தப்பு உங்க மேல இல்ல. என்கிட்ட சொல்லலாம், 1098க்கு போன் பண்ணலாம்." மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பிள்ளை வந்து நின்றது. 2012 போக்சோ சட்டப்படி, தெரிந்த பிறகு மறைப்பது குற்றம். தலைமையாசிரியரிடம் சொல்லிப் புகார் கொடுத்தோம். ஊர் பேசத்தான் செய்தது. பிள்ளை படிப்பை விடவில்லை.

அந்த வருடமே வகுப்பில் இன்னொரு பெண்ணுக்குக் கறை பட்டது. யாரும் சிரிக்கவில்லை. ஒரு பையன் என்னிடம் வந்து, "டீச்சர், அவளைக் கொஞ்சம் பாருங்க" என்று மெதுவாகச் சொன்னான்.

தம்பி, இப்படிச் சொல்லித் தருவதால் பிள்ளைகளிடம் பாலுறவு அதிகரிப்பதில்லை என்று, பல நாட்டு ஆய்வுகளைப் பார்த்துவிட்டு யுனெஸ்கோவே 2018 வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. கெட்டுப் போவது தெரிந்துகொள்வதால் இல்லை.

எனக்கு இன்றும் உறுத்துவது டப்பா வைக்காத அந்த ஆண்டுகள்தான். அந்த வகுப்புகளில் எழுதப்படாமல் போன சீட்டுகள் எத்தனையோ?

பணியில் இருக்கும் ஆசிரியத் தோழர்களே, அந்தப் பாடத்தைத் தாண்டிப் போகாதீர்கள்.