மடிக்குள் ஒரு ஃப்ளோட் வால்வு

ஓவர்ஹெட் டேங்க், பம்ப், ஃப்ளோட் வால்வு என்று படம் வரைந்து வரைந்து கை ஓய்ந்த நண்பர்களே! அதே தத்துவத்தில் வேலை செய்யும் தொட்டி ஒன்று எங்கள் வீட்டுக் கொட்டகையில் நாலு காலில் நிற்கிறது. பெயர் செவலை. தலைச்சேரிக் கலப்பு வெள்ளாடு. "ஆட்டைப் பத்தி ஆண்டு மலர்ல எழுத என்னடா இருக்கு?" என்று சிரிக்காதீர்கள். போன வருஷம் எங்கள் வீட்டில் நடந்த பெரிய விவாதமே அதன் மடியைப் பற்றித்தான்.

அம்மா தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகிறார். திரும்பி வர ஏழு மணி ஆகிவிடும். காலையில் அம்மா கறப்பார், மாலையில் தங்கை. தங்கைக்கோ பத்தாம் வகுப்பு, மாலையில் ஸ்பெஷல் கிளாஸ். கறவைக்காகவே பாதி வகுப்பில் எழுந்து ஓடி வருவாள். "பேசாம ஆட்டை வித்துருவோம்யா" என்றார் அம்மா. பக்கத்து வீட்டுச் சித்தப்பாவோ, "விக்காதீக மதினி, மூணு நேரம் கறங்க, பால் கூடும்" என்றார். "நீதான் டிப்ளமோ படிக்கியே, ஒரு முடிவு சொல்லு" என்று கடைசியில் என் தலையில் விழுந்தது.

சித்தப்பா சொன்னது பொய்யில்லை. ஸ்காட்லாந்தின் ஹன்னா ஆராய்ச்சி நிலையத்தில் 1980களில் வெள்ளாடுகளை வைத்தே இதைச் சோதித்தார்கள். ஆட்டு மடிக்கு இரண்டு பாதிகள். ஒரு பாதியை மூன்று வேளையும், மறு பாதியை இரண்டு வேளையும் கறந்தார்கள். மூன்று வேளை கறந்த பாதியில் மட்டும் பால் கூடியது. இரண்டு பாதிக்கும் போவது ஒரே ரத்தம், ஒரே தீவனம். அப்படியானால் 'நிறுத்து' என்னும் உத்தரவு அந்தந்தப் பாதிக்குள்ளேதான் பிறக்கிறது. தேங்கி நிற்கும் பாலே சுரப்பைத் தடுக்கிறது. நம் பாடத்தில் நெகட்டிவ் ஃபீட்பேக் என்கிறோமே, அதேதான்! தொட்டி நிறைந்தால் மிதவை எழும்பி வால்வை அடைக்கும், காலியானால் திறக்கும்.

ஆனால் வால்வு திறந்தால் மட்டும் தண்ணீர் வந்துவிடுமா? கிணற்றில் இருக்க வேண்டாமா? ஆட்டுக்குக் கிணறு அதன் தீவனம். ஒரு லிட்டர் பாலுக்குச் சுமார் 400 கிராம் அடர்தீவனம் கூடுதலாகக் கொடுக்கச் சொல்கிறார்கள். அகத்தி, சூபாபுல் தழையும் வேண்டும். பாலில் 87 சதவீதம் தண்ணீர் என்பதால் குடிக்கத் தண்ணீரும் தாராளமாக வேண்டும். இதையெல்லாம் கூட்டாமல் கறவையை மட்டும் கூட்டினால் ஆடு தன் உடம்பைக் கரைத்துத்தான் பால் கொடுக்கும். கொஞ்ச நாளில் முதுகெலும்பு தெரியும். பால் கூடட்டும் என்று தானியத்தை ஒரே நாளில் அள்ளி வைத்தாலும் வயிறு கெட்டுவிடும். படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். மூன்றாவது வேளைக்கு ஆள் எங்கே என்பது வேறு கேள்வி.

அதனால் நான் மறுபக்கம் கணக்குப் போட்டேன். ஒரு வேளை கறந்தால் என்ன? வெள்ளாட்டு மடியின் அடியில் இருக்கும் பால் அறை பெரியது. மொத்தப் பாலில் நான்கில் மூன்று பங்கு வரை அங்கே இறங்கி நிற்கும். மாட்டுக்கு ஐந்தில் ஒரு பங்குதான். எனவே இடைவெளியை ஆடு நன்றாகத் தாங்கும். ஏறத்தாழ 21 மணி நேரம் தாண்டிய பிறகுதான் மடியின் செல்களுக்கு இடையேயுள்ள இணைப்புகள் நெகிழத் தொடங்குகின்றன, சுரப்பும் குறைகிறது. ஸ்பெயினின் கேனரி தீவுகளில் ஆட்டை ஒரு வேளை கறப்பதே பழக்கம்.

செவலை குட்டி போட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. குட்டிகள் பால் மறந்தாயிற்று. புதிதாக ஈன்று பால் ஏறுமுகத்தில் இருந்திருந்தால் இந்த யோசனையையே சொல்லியிருக்க மாட்டேன். அப்போது குறைந்தால் நஷ்டம் அதிகம். காலை 800 மில்லி, மாலை 600 மில்லி என்று இருந்த பால், ஒரு வேளைக்கு மாற்றிய பின் 1,150 மில்லியில் வந்து நின்றது. குறைந்தது கால் லிட்டர். அதற்கேற்ப அடர்தீவனத்தில் 100 கிராம் குறைத்தோம். இல்லையென்றால் ஆடு கொழுக்கும், காசு கரையும். முதல் சில நாள் மடி கட்டியது. சூடோ, கட்டியோ, பால் திரிதலோ இருக்கிறதா என்று அம்மா தினமும் தொட்டுப் பார்த்தார். மடிநோய் எதுவும் வரவில்லை.

கால் லிட்டர் பால் போனது. தங்கைக்கு முழு ஸ்பெஷல் கிளாஸ் கிடைத்தது. "இது நல்ல வியாபாரம்யா" என்றார் அம்மா.

நண்பர்களே, எந்த இயந்திரத்தையும் உச்ச வேகத்தில் ஓட்டுவது மட்டுமே திறமை என்று நாம் நினைக்கிறோம். என்ன ஊற்றுகிறோம், யார் ஓட்டுகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் எஃபிஷியன்சி. வீட்டுக் கணக்கில் அம்மாவின் நேரமும் தங்கையின் படிப்பும் இன்புட்தான். அவற்றை எழுதாத பேலன்ஸ் ஷீட் தவறான பேலன்ஸ் ஷீட்!

— மூன்றாமாண்டு, இயந்திரவியல்