பாப்பாத்தி அம்மாள் கோயில்

கீழப்பாவூர்,
ஆடி 12.

அன்புள்ள அக்கா,

போன சனிக்கிழமை அப்பாவின் புல்லட்டை எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டை போய் வந்தேன். ஆலங்குளம் தாண்டும்வரை மேல்காற்று முதுகைத் தள்ளிக்கொண்டே வந்தது. வரும்போது எதிர்க்காற்று, கை இன்னும் வலிக்கிறது.

முதலில் முருகன்குறிச்சியில் ஊசிக்கோபுரம். மிஷனரி ரேனியஸ் ஐயர் 1826-இல் கட்டிய கோயில். சாராள் தக்கரில் படிக்கும்போது அதைப் பார்த்துத்தான் பஸ்ஸில் எழுந்து நிற்பேன் என்பாயே, அதே கோபுரம்.

பிறகு பாப்பாத்தி அம்மாள் கோயில். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

அந்த அம்மாள் தஞ்சாவூர் மராத்தியப் பிராமணக் குடும்பம். இளம் வயதிலேயே புருஷனை இழந்தவர். பிறகு லிட்டில்டன் என்ற ஆங்கிலப் படை அதிகாரியோடு வாழ்ந்தார். ஞானஸ்நானம் கேட்டபோது, முறையான கல்யாணம் இல்லை என்று மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். லிட்டில்டனும் இறந்த பிறகு 1778-இல்தான் கொடுத்தார். கிளாரிந்தா என்ற பெயர் அப்போது வந்தது. நம்ம பெருங்குளத்து மாதவையா 1915-இல் இவரை வைத்து ஆங்கிலத்தில் நாவலே எழுதினார்.

1780-இல் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் 40 பேர். முதல் பெயர் கிளாரிந்தா. 1785-இல் அவர் எழுப்பிய கோயிலைப் பிரதிஷ்டை செய்ய சுவார்ட்ஸ் ஐயரே வந்தார். ஊசிக்கோபுரக் கோயில் வர அதற்குப் பின் 41 வருஷம் ஆனது!

சின்னக் கோயில்தான். நிழலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உன் நினைப்பாகவே இருந்தது அக்கா. மாமா போய் மூன்று வருஷமாகிறது. பெரிய வீட்டுக் கல்யாணத்தில் உன்னை முன்னால் நிற்காதே என்று சொன்னார்கள். நீயும் சரி என்று பின்னால் போய் நின்றாய். அன்றைக்கு நான் வாயைத் திறக்காமல் இருந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. இந்த அம்மாள் இரண்டு தடவை தனியாக விடப்பட்டவர். அந்தக் காலத்திலேயே பதிவேட்டில் முதல் ஆளாக நின்றிருக்கிறார்.

ஆவணியில் காற்று கொஞ்சம் தணியும், அப்போது வா. உன் காலேஜ் வழியாகவே கூட்டிப் போகிறேன். பின் சீட்டுக்குப் புதுக் கைப்பிடி போட்டாயிற்று. உனக்கும் ஒரு ஹெல்மெட் வாங்க அம்மா பணம் தந்திருக்கிறாள். தலை அளவை நூல் வைத்துப் பார்த்து எழுது.

உன் அன்புத் தம்பி