வண்ணம் இறுகும் வரை

ஓவியர் வி. எஸ். கைதொண்டே வரையாமல் உட்கார்ந்திருந்த நேரத்தைப் பற்றித்தான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். 1924இல் நாக்பூரில் பிறந்தவர், மும்பை ஜே. ஜே. கலைப்பள்ளியில் படித்தவர். பிற்பாடு டெல்லி நிஜாமுதீன் பக்கம் தனியாகக் குடியிருந்தார். வருஷத்துக்கு ஐந்தாறு படம் முடிந்தால் அதிகம். மற்ற நாளெல்லாம் சும்மா இருந்தார். ஜென் பௌத்தமும் ஞானி நிசர்கதத்த மகராஜும் அவருக்கு நெருக்கம். நம் திருவண்ணாமலை ரமணர்மீதும் ஈடுபாடு உண்டு. ரமணரை அறிந்தவர்களுக்கு அந்தச் ‘சும்மா’ எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும்.

டெல்லி ஜெய்ப்பூர் ஹவுஸ் கலைக்கூடத்தில் அவர் படத்துக்குக் கிட்டே போய் நின்றிருக்கிறேன். தூரத்தில் ஒரே நிறமாகத் தெரிந்தது, கிட்டத்தில் நாலைந்து அடுக்காகப் பிரிந்தது. மேல்பூச்சு சுரண்டப்பட்ட இடத்தில் அடியிலிருந்த வெளிச்சம் கசிந்தது. தூரிகைத் தடம் எங்கும் இல்லை. உருளையால் உருட்டி, கத்தியால் வழித்து, கிழித்த காகிதத்தை ஈர வண்ணத்தில் ஒட்டி எடுத்து, இறுகும் வரை காத்திருந்து, மறுபடி பூசியிருக்கிறார்.

நம் ஓவியர் ஆதிமூலமும் நினைவுக்கு வருகிறார். அவரென்றால் நமக்கெல்லாம் கோடுதான். காந்தி நூற்றாண்டையொட்டி அவர் போட்ட காந்திகளும், எழுத்தாளர் கி.ரா.வின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு வரைந்த முகங்களும் கண்ணிலேயே நிற்கின்றன. அப்பேர்ப்பட்ட கோட்டை ஒதுக்கிவைத்துவிட்டு, அதே கை வெறும் வண்ணத்துக்குள் இறங்கியது. கைவந்த வித்தையை விட்டுவிட எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

விடிகாலையில் நானும் தாளை விரித்துக்கொண்டு உட்காருகிறேன். என்ன வரையப்போகிறோம் என்ற யோசனை எதுவும் இல்லாமல்தான் கை நகரத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் நீலத்துக்கு மேல் காவி படிந்ததும் மனசு முந்திக்கொள்ளும்: இது மலை, அது ஆறு. உடனே கை அந்த மலைக்கு ஒரு உச்சி வைக்கத் துடிக்கும். அதுதான் கண்டம். அங்கே கையை எடுத்துவிட்டு மூச்சைக் கவனிப்பேன். மலை தானாகக் கரைந்து மறுபடி வண்ணமாகும். பிறகுதான் அடுத்த பூச்சு. தியானத்தில் எண்ணம் எழுவதும் அடங்குவதும் இப்படியேதான். இங்கே அது தாளில் தடம் விட்டுப் போகிறது.

மனசை வெறுமையாக்குவதே இந்த மாதிரி அரூப ஓவியம் என்கிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. எந்த அடுக்கை விடுவது, எதை வழிப்பது என்று கைதொண்டே அவ்வளவு விழிப்போடு இருந்திருக்கிறார். உள்ளுணர்வு என்பது அந்த விழிப்பு கைக்கு இறங்குவதுதான்.

1984இல் ஒரு விபத்தில் அடிபட்டு, சில வருஷங்கள் பெரிய கான்வாஸ் பக்கமே கைதொண்டேயால் போக முடியவில்லை. அந்தக் காலத்தில் காகிதத்தில் மையால் சின்னச் சின்னதாகப் போட்டார். உருளையும் இல்லை, அடுக்கும் இல்லை. மை வைத்தால் வைத்ததுதான், வழிக்க முடியாது. 2014இல் நியூயார்க் குகன்ஹைம் அவருக்கென்று தனிக் கண்காட்சியே வைத்தது. கான்வாஸ்கள் இன்று கோடிக்கணக்கில் போகின்றன. போகட்டும். எனக்கு அந்தச் சின்னத் தாள்களைத்தான் நேரில் பார்க்க வேண்டும்.