ஒரு வாக்கில் தோற்ற துறை

வேல்ஸின் வடமேற்கே ஐரிஷ் கடலுக்குள் கைநீட்டியதுபோல் கிடக்கிறது லீன் தீபகற்பம். அதன் வடகரையில் உள்ள போர்த்தின்லைனை ஊர் என்று சொல்லலாமே தவிர, சரிவுக்கும் மணலுக்கும் நடுவே ஒட்டிக்கொண்ட ஒரு வரிசை வீடுகள்தான் அது. வாசல் தாண்டினால் கடற்கரை. அந்த வரிசையில் கண்ணை முதலில் இழுப்பது சிவப்புச் செங்கல் வீடான 'டீ கோஹ்'. இன்று அது ஒரு பப். பயணிகள் பெரும்பாலும் அதைத் தேடித்தான் வருகிறார்கள்.

இந்த ஊருக்கு வேறொரு எதிர்காலம் பேசப்பட்ட காலம் உண்டு. 1801-ல் அயர்லாந்து பிரிட்டனோடு இணைக்கப்பட்ட பின், ஐரிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்களும் தபால் மூட்டைகளும் கடல் கடந்து லண்டனுக்குப் போய்வர ஒரு துறைமுகம் தேவைப்பட்டது. இங்கே நீளும் முனை தென்மேற்குக் காற்றைத் தடுத்துவிடுவதால், புயலில் கப்பல்கள் ஒதுங்க இந்த விரிகுடாவைத்தான் நாடும். உள்ளூர் நிலவுடைமையாளர் ஜோன்ஸ் பாரி துறைமுகத் திட்டத்தில் இறங்கினார். 1806-ல் அதற்குச் சட்டமும் வந்தது. வில்லியம் மேடக்ஸ் என்ற இன்னொரு நிலவுடைமையாளர் இந்த வழித்தடத்தை நம்பி ட்ரெமடாக் என்ற நகரையே எழுப்பி, அதன் தெருக்களுக்கு லண்டன், டப்ளின் என்று பெயர் வைத்தார். 1810-ல் நாடாளுமன்றத்தில் ஒரே வாக்கு வித்தியாசத்தில் போர்த்தின்லைன் தோற்றது, போட்டித் துறைமுகமான ஹோலிஹெட் முந்திக்கொண்டது. 1826-ல் பொறியாளர் டெல்ஃபோர்டின் மெனாய் பாலம் திறந்ததும் அந்த வழி உறுதியானது. பின்னால் ரயிலும் அங்கேதான் போனது.

ஆனாலும் துறை ஓய்ந்துவிடவில்லை. ஹெரிங் மீனும் அதற்கான உப்பும் ஏற்றிய பாய்மரக் கப்பல்கள் வந்துபோயின. 1823-ல் பக்கத்து ஊரான எடெர்னின் சபைப் பாதிரியார் தமக்கான குருமனையை இந்த மணலோரத்தில் கட்டினார். செங்கல் ஹாலந்திலிருந்து வந்தது; கப்பல் தள்ளாடாமலிருக்க அடியில் பாரமாக ஏற்றிய செங்கல் என்கிறார்கள். கல் வீடுகளே பழக்கமான இந்தக் கரையில் அந்தச் சிவப்பு தனித்துத் தெரிந்திருக்கும்.

1842-ல் எடெர்னிலேயே புதிய குருமனை கிடைத்ததும் பாதிரியார் அங்கே குடிபோனார். காலியான வீட்டை விடுதியாகத் திறந்தவர், பாதிரியாரிடம் வீட்டு நிர்வாகம் பார்த்த கேத்தரின் எல்லிஸ். இந்த ஊரின் வரலாற்றில் நான் பெரிதாக மதிப்பது இதைத்தான். பிரபுக்களும் கம்பெனிகளும் போட்ட துறைமுகத் திட்டங்கள் காகிதத்தோடு போயின. கரையிறங்கும் மாலுமிக்கு என்ன வேண்டும் என்பதைத் தினமும் கண்ட ஒரு வேலைக்காரப் பெண் தொடங்கிய தொழில் மட்டும் இன்றும் நடக்கிறது.

1810-ன் அந்த வாக்கெடுப்பில் போர்த்தின்லைன் வென்றிருந்தால் இந்த மணல் மீது கப்பல்துறையும் கிடங்குகளும் வந்திருக்கும். விரிகுடாவின் அடியில் பரந்து கிடக்கும் கடற்புல் படுகையும் மிஞ்சியிருக்காது. 1994-ல் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான நேஷனல் டிரஸ்ட் இந்தக் குடியிருப்பை வாங்கியது. வெளியூர்க்காரர்கள் காரைப் பக்கத்து ஊரான மோர்ஃபா நெவினில் நிறுத்திவிட வேண்டும். கடல் உள்வாங்கியிருந்தால் மணல் வழியே நடக்கலாம். இல்லையென்றால் மேலே கோல்ஃப் மைதானத்தின் குறுக்கே போக வேண்டும்.

லீன் இன்னமும் வேல்ஷ் மொழி வீட்டிலும் கடையிலும் ஒலிக்கும் பகுதி. ஆனால் விடுமுறை வீடுகள் பெருகி, உள்ளூர் இளைஞர்களுக்கு விலை எட்டாமல் போவது இங்கே பெரும் கவலை. போகிறவர்கள் அழகை மட்டும் பார்த்துத் திரும்பாமல், அங்கே குடியிருப்பவர்களோடும் நாலு வார்த்தை பேசிவிட்டு வர வேண்டும்.