பாடியை வழவழப்பாக்குவோம், பெட்ரோல் மிச்சமாகும்

ஆட்டையாம்பட்டின்னதும் உங்களுக்கு முறுக்குதான் ஞாபகம் வரும். இனி ஒரு ஸ்போர்ட்ஸ் காரும் வரட்டுமே!

'அதுக்குப் பெரிய எஞ்சின் வேணுமே'ன்னு கேக்குறீங்களா? கணக்குப் போடுங்க. முன்பக்கப் பரப்பு 1.5 சதுர மீட்டர், காற்றுத்தடைக் கெழு 0.3 உள்ள சின்ன கார், மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும்போது காற்றைத் தள்ள மட்டும் சுமார் 3 கிலோவாட், அதாவது 4 குதிரைத்திறன் போதும். 100-ல போனா கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேணும். வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப இந்தத் திறன் ஏறுது. அப்போ எஞ்சினைப் பெருசாக்குறதா, பாடியை வழவழப்பாக்குறதா?

நம்ம பக்கத்துலயே செஞ்சு காட்டினவர் உண்டு. கோயம்புத்தூர் எஸ். கரிவரதன் 1980-களில் மாருதி 800 எஞ்சினை வச்சு 'ஃபார்முலா மாருதி' பந்தயக் கார்களைக் கட்டினார். அந்தக் கார்களில் ஓட்டித் தொடங்கியவர்தான் நரேன் கார்த்திகேயன். 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர்!

எங்கப்பா லாரி டிரைவர். "டீசல் விலை ஏறுனா உன் ஃபீஸ்லதான்டா கை வைக்கணும்"பார். ஒரு லிட்டர் மிச்சம்ங்கிறது எனக்கு வெறும் புராஜெக்ட் மார்க் இல்லீங்க.

வீட்டுல கட்டின காரை, உரிய ஒப்புதலும் பதிவும் இல்லாம ரோட்டுல இறக்க முடியாது. கல்லூரி மைதானம் இருக்கே! லாரி பாடி கட்டுற நாமக்கல்லும் பக்கம்தான். வெல்டிங், ஃபைபர் வேலை தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா? நாலு பேர் இருக்கோம், இன்னும் ரெண்டு பேர் வேணும். ஜூனியரா இருந்தாலும் சரி, வாங்க.