ஏழாம் அத்தியாயம்

வானொலியில் தினமும் நான்கு மணி நேரம் பேசுகிறேன். என் நாவல் மட்டும் இரண்டு ஆண்டுகளாக ஏழாம் அத்தியாயத்திலேயே நிற்கிறது.

இந்த நிலையில்தான் தோழியின் முதல் நாவல் வெளியீட்டுக்கு அறிவிப்பாளராகப் பிரிக்பீல்ட்ஸ் போனேன். பாலர்பள்ளி ஆசிரியை, இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா. எழுதியிருப்பது காதல் கதை. "காதல் கதைதானே" என்று முன்பு நானே சொல்லியிருக்கிறேன். அது பொறாமை என்று இப்போது தெரிகிறது.

இங்கே தமிழ் நூல்கள் கடையில் விற்பதைவிட வெளியீட்டு நாளில்தான் அதிகம் விற்கும். வழக்கம்போல் முதல் நூலைப் பிரமுகர் பெற்றுக்கொண்டார். மற்றவர்கள் உறையில் பணம் வைத்து வரிசையில் நின்றார்கள். கடைசியாக வந்தவர் தோழியின் அம்மா. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். மகளின் நூலுக்கு அவரும் ஓர் உறை கொண்டு வந்திருந்தார். மைக் கையில் இருந்தும் எனக்குப் பேச்சு வரவில்லை.

விழா முடிந்ததும் கேட்டேன்: "எப்படி முடிச்ச?"

"பிள்ளைங்க தூங்கினதும் அரைப் பக்கம். நல்லா இருக்கான்னு திரும்பிப் பார்க்கமாட்டேன். மறுநாள் அடுத்த அரைப் பக்கம்."

நானோ எழுதியதைவிட அழித்ததே அதிகம்.

அன்றிரவே படித்தேன். கொமுட்டர் ரயிலில் சந்திக்கும் இருவர். கிள்ளானில் இறங்க வேண்டியவன், பேச்சு முடியவில்லை என்று போர்ட் கிள்ளான் வரை போகிறான். அந்த இடத்தில் சிரித்துவிட்டேன். நீங்களும் சிரிப்பீர்கள்.

பிறகு ஏழாம் அத்தியாயத்தில் அரைப் பக்கம் எழுதிவிட்டுப் படுத்தேன். நன்றாக இருக்கிறதா என்று இன்னும் பார்க்கவில்லை.